பத்து நிமிஷம் பேசினா ஆளைக் கணிச்சிடலாமா?

3 ஜூன், கேள்வி

"பாளையங்கோட்டையில ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். முப்பது வருசமா நானேதான் ஆள் எடுக்கேன். எதிர்ல உக்கார வச்சுப் பத்து நிமிசம் பேசுனா போதும், பையன் நிப்பானா ஓடுவானான்னு சொல்லிருவேன். இப்ப என் மவன் எம்பிஏ முடிச்சிட்டு வந்து, எல்லார்ட்டயும் ஒரே கேள்வி கேக்கணும், மார்க் போடணும்ங்கான். நீங்க காலேஜ்ல இதத்தான் ஆராய்ச்சி பண்ணுதீங்கன்னு சொன்னாவ. நம்ம ஊர்க் கடைக்கு இதெல்லாம் தேவையா?"

3 ஜூன், இரவு

தேவை, அண்ணாச்சி. உங்க மகன் சொல்றது சரி.

நீங்க எடுத்த பையன்களில் நல்லா வந்தவங்களை உங்களுக்குத் தெரியும். வேண்டாம்னு அனுப்பின பையன்கள் இப்ப எங்க இருக்காங்க? ஒருத்தன் வண்ணாரப்பேட்டையில சொந்தக் கடை போட்டிருக்கலாம், ஒருத்தன் துபாயில ஸ்டோர் கீப்பரா இருக்கலாம். அவங்க உங்க கடையில எப்படி வேலை பார்த்திருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. முப்பது வருஷ அனுபவத்துல பாதிப் பக்கம் எழுதப்படாமலே போயிடுச்சு. கணிப்பு பலிச்சது மட்டும் கண்ணுல நிக்குது.

மீதி நாளைக்கு எழுதுறேன்.

4 ஜூன்

எண்களைச் சொல்லிடறேன். இதைச் சொல்லாம மேல பேசுறதுல அர்த்தம் இல்லை.

1998ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ரெண்டு பேரும் 85 வருஷ ஆய்வுகளைச் சேர்த்து ஒரு அட்டவணை போட்டாங்க. தேர்வு முறை ஒவ்வொண்ணும் பிற்பாடு வேலையில் தெரியுற திறமையை எவ்வளவு முன்கூட்டிச் சொல்லுதுன்னு பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு எண், ஒண்ணை நெருங்க நெருங்கக் கணிப்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்குற மாதிரிப் பணித் தேர்வுக்கு 0.54. பொது அறிவுத்திறன் தேர்வுக்கு 0.51. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறைன்னு கட்டமைச்ச நேர்காணலுக்கும் 0.51. நீங்க சொல்ற மாதிரி மனசுக்குத் தோணினதைப் பேசுற நேர்காணலுக்கு 0.38. கையெழுத்தை வச்சு குணம் சொல்றதுக்கு 0.02. "விண்ணப்பம் கைப்பட எழுதியிருக்கணும்"னு இன்னும் சில இடத்துல கேக்குறாங்க. அது எதுக்குன்னு யோசிச்சுப் பார்க்கணும்.

என் துறையில ஒரு தலைமுறையே இந்த அட்டவணையைத்தான் படிச்சு வளர்ந்தது. இப்ப அதை அப்படியே சொல்லக் கூடாது. வேலைக்கு எடுத்தவங்களை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா, தேர்வு மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு சுருங்கித் தெரியும். நேத்து உங்ககிட்ட சொன்ன அதே சங்கதிதான், அனுப்பினவங்க கணக்குல வரமாட்டாங்க. அதனால ஆய்வாளர்கள் அந்த எண்ணை ஒரு சூத்திரம் போட்டு உயர்த்துவாங்க. 2022ல் பால் சாக்கெட்டும் அவர்கூட மூணு பேரும், அந்தத் திருத்தம் பல இடத்துல அளவுக்கு மீறிப் போயிருக்குன்னு காட்டினாங்க. அவங்க கணக்குப்படி கட்டமைச்ச நேர்காணல் 0.42, முதலிடம். தொழிலறிவுத் தேர்வு 0.40. மாதிரிப் பணி 0.33. அறிவுத்திறன் தேர்வு 0.31. தோணினபடி பேசுற நேர்காணல் 0.19.

எல்லாமே இறங்கியிருக்கு. ஆனா ஒரே ஆள் எதிர்ல உக்கார்ந்து ஒழுங்கோட கேக்குறதுக்கும் ஒழுங்கில்லாம கேக்குறதுக்கும் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். அந்த ஒழுங்குக்குச் செலவு ஒரு தாளும் பேனாவும்தான்.

4 ஜூன், மாலை

"0.42 ஒண்ணும் பெரிய எண்ணா தெரியலையே"ன்னு ஒருத்தர். ஆமா, பெரிசில்லை. ஆளுக்கு ஆள் வேலையில் தெரியுற வித்தியாசத்துல சுமார் 18 சதவீதத்தை விளக்கும், அவ்வளவுதான். மீதி எல்லாம் மேலதிகாரி, கூலி, உடம்பு, வீட்டு நிலைமை. நேர்காணல்ல "இவன் தேறமாட்டான்"னு முத்திரை குத்துறவங்க இந்த 18ஐ நினைவுல வச்சுக்கணும்.

இன்னொருத்தர் "அஞ்சு வருஷ அனுபவம் தேவைன்னு விளம்பரம் போடுறோமே"ன்னு கேட்டார். எத்தனை வருஷம்ங்கிற எண்ணிக்கைக்கு மட்டும் 1998ல் 0.18, 2022ல் 0.07. அந்த வருஷங்கள்ல என்ன செஞ்சான்னு கேளுங்க.

6 ஜூன்

இதைத்தான் நான் முக்கியமா எழுத வந்தேன்.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலையில டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஆள் எடுத்தாங்க. என் ஆய்வுக்காக ஓரமா உக்கார்ந்து குறிப்பெடுக்க அனுமதி தந்தாங்க. குழுவுல மூணு பேர். ஒருத்தர் பேச்சை ஆரம்பிச்ச விதம் எல்லாருக்கும் ஒண்ணுதான்: "எந்த ஊரு?" பையன் ஊர் பேரைச் சொல்வான். "அந்த ஊருல எந்தத் தெரு?" அதையும் சொல்வான். அதுக்கப்புறம் "அப்பா என்ன செய்யுதாவ?"

நம்ம சீமையில "எந்தத் தெரு"ங்கிற கேள்விக்கு என்ன பொருள்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேக்குறவர் கெட்ட மனுஷர் இல்லை, டீ வந்தா பையனுக்கும் ஒண்ணு கொடுக்கச் சொன்னவர். ஆனா பதில் வந்ததும் அவர் உக்கார்ற விதம் மாறினதை நான் பார்த்தேன். சிலருக்கு நாற்காலியில சாய்ஞ்சு, "அப்ப அந்த சார்வாள் உனக்கு என்ன வேணும்?"னு பேச்சு உறவு தேடிப் போகும். சிலருக்கு ஃபைல் பக்கம் கண்ணு போயிடும், அடுத்த கேள்வி "சரி, சொல்லு"ன்னு மொட்டையா வரும். முதல் பையன் தைரியமா பேசினான், ரெண்டாவது பையன் திணறினான். குறிப்புல "தன்னம்பிக்கை குறைவு"ன்னு எழுதினாங்க. அந்தத் தன்னம்பிக்கையைக் குறைச்சது அந்த அறையேதான்.

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. பி.காம்., குடும்பத்துல முதல் பட்டதாரி. அம்மா என்ன செய்றாங்கன்னு கேட்டாங்க. "பீடி சுத்துதாவ"ன்னு சொல்லிட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் எல்லாப் பதிலும் ஒரு வரிதான்.

நான் கேட்டுக்கிட்டபடி, நேர்காணலுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரு சின்ன வேலை கொடுத்தாங்க. ஒரு டெலிவரி சலான், ஒரு இன்வாய்ஸ், ஒரு கேட் பாஸ். மூணுலயும் எண்ணிக்கை பொருந்தாது. எங்க தப்பு, லாரியை விடலாமா நிறுத்தணுமா, யாருக்கு முதல்ல போன் பண்ணணும்னு எழுதித் தரணும். பெரும்பாலானவங்க சலானையும் இன்வாய்ஸையும் ஒப்பிட்டுட்டு நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு கேட் பாஸ்ல வண்டி நம்பர் வேற மாதிரி இருக்குங்கிறதையும் பிடிச்சு, "டிரைவரிடம் ஆர்சி கேட்டுப் பார்க்கவும், அதுவரை கேட்டில் நிற்கட்டும்"னு எழுதியிருந்தா.

அவளை எடுக்கலை. எடுத்தது சரளமா பேசின ஒரு பையனை. அவன் இன்னைக்கும் அங்க நல்லாத்தான் வேலை பார்க்கிறான், கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால அந்தக் குழு தங்க முடிவு சரிதான்னு நம்புது. அவள் எப்படிச் செஞ்சிருப்பாங்கிறதுக்கு அந்த ஆலையில எந்தப் பதிவும் இல்லை.

6 ஜூன், இரவு

நான் ஒரு ஆலையில பார்த்ததை மட்டும் வச்சு எல்லா இடமும் இப்படின்னு சொல்லக் கூடாதுங்கறாங்க. நியாயம். 2007ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில எழுதின ஆய்வைப் பாருங்க. பத்திரிகையில வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோட, பேரை மட்டும் மாத்தி விண்ணப்பம் அனுப்பினாங்க. உயர்சாதி இந்துப் பேருக்கு அழைப்பு வர்ற வாய்ப்பை 1ன்னு வச்சா, தலித் பேருக்கு 0.67, முஸ்லிம் பேருக்கு 0.33. அங்க நேர்காணலே நடக்கலை. பேரைப் பார்த்ததோட சரி.

அதே வருஷம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களோட மனிதவள மேலாளர்கள்கிட்ட பேசினாங்க. திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்னு சொன்ன அதே வாயால, குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேப்போம்னும் சொன்னாங்க. பின்னணி நல்லா இருந்தா ஆளும் நல்லா இருப்பான்னு உண்மையிலேயே நம்புறாங்க. எனக்கு இதுல கவலை தர்றது அந்த நம்பிக்கைதான், வஞ்சகம் இருந்தா பிடிச்சிடலாம்.

7 ஜூன்

"ஊர் பேரு கேக்குறது நம்ம மரியாதை, அதையும் தப்புங்கறீங்களா?"

கல்யாண வீட்டுல கேளுங்க, பஸ்ல கேளுங்க. மார்க் போடுற தாள் கையில இருக்கும்போது கேக்காதீங்க. முகவரி விண்ணப்பத்துல இருக்கு, வேலைக்கு எடுத்த பிறகு ஆஃபீஸ் பார்த்துக்கும்.

9 ஜூன்

வள்ளியூர்ல இருந்து ஒரு வெல்டர் எழுதியிருக்கார். கூடங்குளத்துல காண்ட்ராக்டர்கிட்ட வேலை பார்த்துட்டு இப்ப கத்தார்ல இருக்காராம். "எங்களுக்கு நேர்காணலே கிடையாது மேடம், ட்ரேட் டெஸ்ட்தான்"ங்கறார். அவர் சொன்னதைப் போட்டுடறேன், ஏன்னா நாங்க வகுப்புல மாதிரிப் பணித் தேர்வுன்னு நடத்துற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சிக்ஸ் ஜி டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்ச்சு அசையாம பிடிச்சு வச்சிடுவாங்க. பைப்பைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுத்தி வரணும். கீழ் பக்கம் தலைக்கு மேல பிடிக்கிற மாதிரி வரும், பக்கவாட்டு வேற கோணம், மேல வேற. ரூட் ரன், அதாவது அடியில போடுற முதல் அடுக்கு வெல்டு, உள்ளே சரியா இறங்கியிருக்கான்னு கண்ணால பார்ப்பாங்க, அப்புறம் எக்ஸ்ரே. உள்ள காத்துக் குமிழ் இருந்தா ஃபிலிம்ல புள்ளியாத் தெரியும். டெஸ்ட் பீஸ்ல நம்பர்தான் குத்தியிருக்கும், பேர் இருக்காது. ஃபிலிம் பார்க்கிறவருக்கு அது எந்தத் தெருப் பையன் போட்ட வெல்டுன்னு தெரியாது.

"ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். அந்த ஃபிலிம்தான் எனக்கு சர்ட்டிபிகேட்"னு முடிச்சிருக்கார்.

10 ஜூன்

வெல்டர் தம்பி எழுதினதைப் படிச்சதுல இருந்து ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்தா மட்டும் நியாயம் வந்துடுமா?

என் சித்தி முக்கூடல்ல பீடி சுத்தினவங்க. சுளகு மடியில, இலையை நனைச்சு, கத்திரியால அளவா வெட்டி, தூள் வச்சு உருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டு போவாங்க. அங்க செக்கர் ஒவ்வொரு கட்டையும் விரலால அமுக்கிப் பார்ப்பார். வாய்ப் பக்கம் ஒரு பார்வை, வால் பக்கம் ஒரு பார்வை. ஆகாதுன்னா ஓரமாத் தள்ளிடுவார். அதுக்குக் கூலி கிடையாது, இலையும் தூளும் கணக்குல பிடிப்பு. தினமும் நடக்குற மாதிரிப் பணித் தேர்வு அது. ஆனா ஒரே கையில ஒரே நாள்ல சுத்தின கட்டு ஒரு செக்கருக்கு ஆகும், இன்னொருத்தருக்கு ஆகாது. ஏன் ஆகலைன்னு கேட்டா மறுநாள் இன்னும் நாலு கட்டு தள்ளப்படும். சித்தி கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து கத்திரியைத் தீட்டுவாங்க, இலையில குறை இருக்குமோன்னு.

வெல்டர் டெஸ்ட்லயும் பீடிக்கடையிலயும் வேலைதான் சோதிக்கப்படுது. வெல்டுக்கு எது குறைன்னு முன்னாடியே எழுதி வச்ச விதி இருக்கு, பார்க்கிறவருக்கு ஆள் தெரியாது. பீடிக்கு விதி செக்கரோட விரல்ல இருக்கு, ஆளும் எதிர்லயே நிக்கிறா. ஒரே பொருளுக்கு ரெண்டு மதிப்பீட்டாளர் ஒரே மார்க் போடுறாங்களாங்கிறதை நாங்க நம்பகத்தன்மைன்னு படிப்போம். அது இல்லாத தேர்வு எவ்வளவு நல்ல வேலையை வச்சு நடத்தினாலும் உதவாது.

10 ஜூன், இரவு

பரோட்டா மாஸ்டரைக் கல்லுல நிக்க வச்சுத்தான் எடுப்போம்னு பிரானூர்க்காரர் ஒருத்தர். அருமை. யார் மார்க் போடுறது, எதுக்கு எவ்வளவுன்னு மட்டும் எழுதி வச்சுக்கோங்க.

12 ஜூன்

பேச்சு ராணுவத்துக்குப் போயிடுச்சு. ஒரு தம்பி எஸ்எஸ்பிக்கு, அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற வாரியத்துக்குப் போய்த் திரும்பியிருக்கார், பெங்களூர்ல அஞ்சு நாள். சைக்காலஜி டெஸ்ட் எல்லாம் கண்துடைப்பான்னு கேக்கறார்.

தம்பி, அங்க உங்களை மூணு பேர் மூணு வழியில பார்க்கிறாங்க. உளவியலாளர் உங்க எழுத்தை மட்டும் பார்ப்பார்: படத்துக்குக் கதை, வார்த்தைக்கு 15 விநாடியில ஒரு வாக்கியம். நேர்காணல் அதிகாரி உங்க பேச்சைப் பார்ப்பார். மைதானத்துல ஜிடிஓங்கிற குழுப்பணி அதிகாரி உங்க செயலைப் பார்ப்பார். மனம், வாக்கு, காயம்னு நம்ம பெரியவங்க சொன்ன பிரிவுதான். மூணு பேரும் தனித்தனியா மதிப்பீடு பண்ணிட்டுக் கடைசி நாள் கூட்டத்துலதான் ஒண்ணா உக்கார்றாங்க. எனக்கு எஸ்எஸ்பியில பிடிச்சது இந்த ஒழுங்கு. படத்துக்குக் கதை எழுதுறதை வச்சு எவ்வளவு தூரம் சொல்ல முடியும்ங்கிறதுல எனக்கு சந்தேகம் உண்டு.

ஏன் தனித்தனியா போடணும்? 1920லயே எட்வர்ட் தார்ண்டைக்ங்கிற உளவியலாளர் எழுதிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்க ஆட்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமை, குணம்னு தனித்தனியா மார்க் போட்டாங்க. எல்லா மார்க்கும் ஒண்ணோட ஒண்ணு அளவுக்கு மீறி ஒத்துப்போச்சு. ஒரு குணம் பிடிச்சுப் போச்சுன்னா அந்த வெளிச்சம் மத்ததுலயும் விழுந்துடுது. ஒரு ஆள் மனசுக்குள்ளயே இப்படின்னா, மூணு பேர் சேர்ந்து பேசிட்டு மார்க் போட்டா முதல்ல வாயைத் திறந்தவர் மார்க்தான் எல்லாருக்கும். கங்கைகொண்டான்லயும் அதையே பார்த்தேன். பேசுறதுக்கு முன்னாடி தாள்ல எழுதச் சொன்னப்போ மூணு மார்க்கும் மூணு பக்கம் போச்சு. பேசின பிறகு மேனேஜர் மார்க்தான் மூணு தாள்லயும்.

12 ஜூன், பின்குறிப்பு

நேர்காணலுக்கு எவ்வளவு மார்க் வைக்கலாம்ங்கிறது நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். 1981ல் அஜய் ஹாசியா வழக்கு, ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றினது. எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழிக்கு 50. ஒவ்வொருத்தரையும் ரெண்டு மூணு நிமிஷம்தான் பேச விட்டிருக்காங்க, அதுலயும் குடும்பம், ஊர்னு கேள்வி. மொத்தத்துல மூணுல ஒரு பங்கு நேர்காணலுக்குப் போறது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. மத்திய அரசு 2016 ஜனவரி 1ல இருந்து குரூப் சி, அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கு நேர்காணலையே நீக்கிடுச்சு.

நான் நேர்காணலை நீக்கச் சொல்லலை. நேரா பார்த்துப் பேசினாத்தான் தெரியுற விஷயங்கள் உண்டு.

13 ஜூன்

அண்ணாச்சி கோபமா எழுதியிருக்கார்: "அப்ப என் மனசுல படுறதுக்கு மதிப்பே இல்லையா? மார்க் போடுற மெசினா நான்?"

இதே கோபத்தை 1955ல் இஸ்ரேல் ராணுவத்துல நேர்காணல் எடுத்தவங்களும் பட்டாங்க. அப்ப அங்க இருந்த உளவியலாளர் டேனியல் கானமனுக்கு 21 வயசு. ஆறு குணங்களை வச்சு, ஒவ்வொண்ணுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டும் கேட்டு, ஒண்ணு முடிச்சு மார்க் போட்ட பிறகுதான் அடுத்ததுக்குப் போகணும்னு முறை போட்டார். எங்களை ரோபோ ஆக்குறீங்கன்னு சண்டைக்கு வந்தாங்க. அவர் இறங்கி வந்து, ஆறும் முடிஞ்சதும் கண்ணை மூடி மனசுல படுற மார்க்கையும் போடுங்கன்னார். ஆறு மார்க்கோட கூட்டல் பழைய முறையைவிட நல்லாக் கணிச்சது. கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் அதே அளவு கணிச்சது.

உங்க மனசுக்கு மதிப்பு உண்டு, அண்ணாச்சி. அது கடைசியில வரட்டும். எல்லாம் கேட்டு எழுதின பிறகு வர்ற மனசும், பையன் படியேறும்போதே வர்ற மனசும் ஒண்ணு இல்லை.

15 ஜூன்

சிபாரிசு பற்றிப் பல பேர் கேட்டாச்சு. "கல்லாப்பெட்டியில உக்கார்றவனை யாருன்னு தெரியாம எப்படி எடுக்க?" இது நியாயமான பயம். தெரிஞ்சவர் சொல்லி வந்தவன் கொஞ்சம் நாள் கூட நிப்பான்ங்கிறதும் உண்மை, சொன்னவர் முகத்துக்காகவாவது.

ஆனா சிபாரிசு எந்தத் தெருவுல இருந்து வருது? உங்களுக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவன்தான் வருவான். அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறவன் நல்லவன்னு சொல்ல உங்ககிட்ட ஆள் இல்லை. சிபாரிசுல வந்தவனையும் அதே கேள்வி, அதே வேலை, அதே மார்க்ல உக்கார வைங்க. முன்னாடி வேலை பார்த்த இடத்துல விசாரிக்கிறதா இருந்தா எல்லாருக்கும் விசாரிங்க, ஒரே கேள்வியை: "மறுபடி இடம் இருந்தா இவனை எடுப்பீங்களா?"

ரெண்டு நாளா உறுத்துற இன்னொரு விஷயம். அறிவுத்திறன் தேர்வு, அது இதுன்னு மேல எண்ணா அடுக்கினேன். நம்ம பிள்ளைகள் எழுதுற ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வுகள் ஆங்கிலத்துல இருக்கு. ரயில் கணக்கு தமிழ்ல கொடுத்தா நொடியில போடுற மாணவன், ஆங்கில வாக்கியத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடுது. வகுப்புல ரெண்டு மொழியிலும் கொடுத்துப் பார்த்திருக்கேன், முகமே மாறிடும். வேலை ஆங்கிலத்துல இருந்தா ஆங்கிலத்தைத் தனியா சோதிங்க. கோடவுன் கணக்கு பார்க்கிற வேலைக்கு எடுக்கிறவனை ஆங்கிலத்துல மடக்கிட்டு, அறிவு குறைவுன்னு எழுதாதீங்க.

18 ஜூன்

அண்ணாச்சியும் அவர் மகனும் சேர்ந்து கேள்வி எழுதி அனுப்பியிருக்காங்க! ரொம்பச் சந்தோஷம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"ஒருத்தர் வந்து அரை இஞ்ச் எல்போ பத்து குடுங்கங்கார். நீ என்ன கேப்ப?" நல்ல கேள்வி. பிவிசி பைப் வெந்நீர் தாங்காது, சிபிவிசி தாங்கும். பிவிசியா சிபிவிசியான்னு கேட்டா 3, வெந்நீர் லைனுக்கான்னும் கேட்டா 5, எடுத்துக் கொடுத்துடுவேன்னா 1. இப்படிப் பதிலோட மார்க்கை முன்னாடியே எழுதி வைங்க. தொழில் தெரியாத புதுப் பையன்னா இந்தக் கேள்வி வேண்டாம், அது ஒரு மாசத்துல கத்துக்கிறது.

"சாயங்காலம் கல்லாவுல 200 ரூவா குறையுது, நீயும் இன்னொருத்தனும்தான் நின்னிய. என்ன செய்வ?" இருக்கட்டும்.

"ஊருல கோயில் கொடைத் திருவிழா. அன்னைக்கே சிமெண்ட் லோடு வருது. வருவியா?" இந்த மாதிரி சூழ்நிலைக் கேள்விகளை 1980ல் கேரி லேத்தமும் கூட இருந்தவங்களும் வடிவமைச்சாங்க. அவங்க கேட்டதும் இதே வகைதான்: வீட்டுல எல்லாருக்கும் உடம்பு சரியில்லை, பார்த்துக்க ஆள் இல்லை, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, என்ன செய்வ? நோக்கம் சரி அண்ணாச்சி. ஆனா கொடைன்னு கேட்டா பையன் எந்தக் கோயில்னு சொல்வான், அதோட தெருவும் வந்துடும். சர்ச்சுக்குப் போறவனும் பள்ளிவாசலுக்குப் போறவனும் தடுமாறுவான். "வீட்டுல ஒரு விசேஷம்"னு மாத்துங்க.

"உனக்கு எந்த ஊரு?" இதை எடுத்துடுங்க.

19 ஜூன்

அண்ணாச்சி கேட்டதுக்கு: ஆமா, மார்க் தாள் ரெண்டு வேணும். நீங்க ஒண்ணு, மகன் ஒண்ணு, கடைசிப் பையன் போற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கக் கூடாது. அரை நாள் கடையில நிக்க வச்சுப் பார்க்கிறதா இருந்தா, அந்த அரை நாளுக்குக் கூலி கொடுத்துடுங்க, எடுக்காத பையனுக்கும். எடுக்காதவங்க தாளையும் கிழிச்சுப் போடாதீங்க, போன் நம்பரோட ஒரு ஃபைல்ல வைங்க. ஒரு வருஷம் கழிச்சு அவங்க எங்க, என்ன வேலை பார்க்கிறாங்கன்னு நான் கேட்டு எழுதுறேன்.